பொங்கலுக்கு இஸ்தான்புல்லில் பஸ் நிற்காது

அந்தப் பாடங்களை நீங்கள் எழுதவில்லை. மேற்குத் தாம்பரத்தில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் துருக்கி மொழி சொல்லிக்கொடுக்கும் மையம் நடத்துகிற சார் அவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் வீடியோவில் வருகிற வாக்கியங்களும், மாணவர்களிடம் நீங்கள் விற்கிற புத்தகமும் இன்னொருவர் உட்கார்ந்து செய்த வேலை. அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். நீங்கள் மேடம் என்று கூப்பிட்டீர்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதும் மேசையில் அக்காவின் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. பாத்திரக் கடையில் வாங்கும்போதே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அப்படி வெட்டியது. இனிஷியல், பெயர், ஊர் எல்லாம் உண்டு. ஆபீசுக்குக் கொண்டுவரும் டம்ளருக்கு ஊர் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "ஊர் இல்லன்னா எந்த ஊர்க்காரியாவது என்னுதுன்னு தூக்கிட்டுப் போயிடுவா" என்றார். பெயர் எழுதாத பொருள் அவரிடம் கிடையாது. நாற்காலியின் முதுகில் ஒயிட்னரால் எழுதியிருந்தார். சாப்பாட்டு டப்பா, மூடி, குடைக் கைப்பிடி, ஹெட்போனின் வயர் எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் கண்டுகொள்ள மாட்டார். தன் வேலையைத் தான் செய்ததாக உரக்கச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. அடக்கமான பெண்மணி என்று யாராவது எழுதினால் அவருக்குக் கோபம் வரும்.

நாங்கள் வேலை பார்த்தது கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு கம்பெனியில். துருக்கியில் விற்கிற வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜுக்கு வரும் புகார்களை இங்கிருந்து கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் எழுதி மென்பொருளில் மொழிபெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். துருக்கிக் கம்பெனிக்காரர்கள் அது சரிவராது, ஆட்கள் மொழியைப் பேச வேண்டும், பேசிப் பார்த்துத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதற்கு முன் ஒரு கான்வென்டில் கணக்கு டீச்சர். சம்பளம் போதாமல் இந்த வேலைக்கு வந்தவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு எங்கும் நிலைக்காமல் அலைந்து வந்தவன். எங்கள் குழுவில் யாருக்கும் அந்த வேலை போனால் அடுத்த வேலை தயாராக இல்லை.

பயிற்சி மேலாளர் நீங்கள்தான். ஆன்லைனில் ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தீர்கள். அவர் நல்லவர்தான், ஆனால் ஆங்கிலத்தில் இலக்கணம் நடத்தினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்துக்குத் திருப்பி, பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டித் துருக்கியாக்கச் சொன்னார். எங்களுக்கு இரண்டு பக்கமும் தலை சுற்றியது. ஒரு வகுப்பில் அக்கா மைக்கைத் திறந்து, "சார், ஒரு நிமிஷம். இது நம்ம வரிசைதானே? நான் வீட்டுக்குப் போறேன். அவங்களும் நான், வீட்டுக்கு, போறேன்னுதானே சொல்றாங்க? நடுவுல இங்கிலீஷ் எதுக்கு?" என்று கேட்டார். பயிற்சியாளர் சிரித்துவிட்டு மேலே போய்விட்டார். அக்கா மேலே போகவில்லை.

மறுநாளிலிருந்து பாடம் கம்பெனி பஸ்ஸில் நடந்தது. தாம்பரத்தில் கிளம்பி, பெருங்களத்தூரில் அக்காவை ஏற்றிக்கொண்டு, வண்டலூரில் திரும்பி, மாம்பாக்கம் வழியாகப் போகும் வண்டி. அக்கா ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். புத்தக வாக்கியம் கூடாது. அன்று காலையில் வீட்டில் நீ வாயைத் திறந்து சொன்ன வாக்கியம் எதுவோ, அதைச் சொல்ல வேண்டும். அதைத் துருக்கியில் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். அகராதி அவர் போனில் இருந்தது. சந்தேகம் வந்தால் சாயங்காலம் பயிற்சியாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். "நீ சொல்லாத வாக்கியம் உன் வாயில நிக்காதுடா" என்பார்.

அப்படித்தான் கற்றோம். காலையில் எல்லா வீட்டிலும் முதலில் கேட்பது தண்ணீர். தண்ணி வந்துச்சா? சு கெல்தி மி? சு என்றால் தண்ணீர், கெல்தி என்றால் வந்தது, நம்முடைய 'ஆ' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு 'மி'. வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்பது எவ்தே, எவ்தென், எவே. நாம் சொல்லுக்கு வால் ஒட்டுகிற மாதிரியே அவர்களும் ஒட்டுகிறார்கள். ஒரே சங்கடம், சொல்லைப் பார்த்து வாலின் சத்தம் மாறும். எவ் என்றால் தே, பள்ளிக்கூடத்துக்கு ஒகுல், அதற்கு தா. "சொல்லு எந்தப் பக்கம் சாயுதோ வாலும் அந்தப் பக்கம் சாயும்" என்று கையை ஆட்டிக் காட்டுவார். பஸ் வளைவில் திரும்பும்போது எல்லோரும் ஒரே பக்கம் சாய்வோம் இல்லையா, அதைக் காட்டிச் சொன்னது. அதன்பிறகு நான் அதைத் தப்பாகச் சொன்னதே இல்லை.

டிரைவர் அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு. முதலில், "இன்னாக்கா இது, காத்தாலயே பேஜாரு" என்று முனகிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தானாகவே, "என்னுதும் ஒண்ணு கீது, போட்டுக்க. ஹாரன் வேல செய்யல" என்றார். கோர்னா சாலஷ்மயோர். அன்று முழுவதும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதையே சொல்லிக்கொண்டிருந்தார். டீ கீ இருக்கா என்று நாம் கேட்பதுபோல அவர்களும் சாய் மாய் என்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "நம்ம ஆளுங்கதாங்க்கா அவனுங்க. இங்கேந்து போனவனா இருப்பான்" என்றார். அக்கா, "சரித்திரம் எல்லாம் வேணாம், வண்டிய எடு" என்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். கண்ணால் பார்த்ததை ஒரு மாதிரியும், யாரோ சொல்லிக் கேட்டதை வேறு மாதிரியும் சொல்ல அந்த மொழியில் தனித்தனி வால் இருக்கிறது. ஆன்லைன் பயிற்சியாளர் இதை விளக்க ஒரு வகுப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அது இல்லை, அவர் என்ன செய்வார். அக்காவுக்கு வண்டலூர் சிக்னல் போதுமானதாக இருந்தது. கெல்தி, வந்தார். கெல்மிஷ், வந்தாராம். "நீ பார்த்தா கெல்தி. பார்க்கலன்னா மரியாதையா ஆம் போடு. டெக்னீஷியன் வந்தாருன்னு நீ பார்த்த மாதிரி சொன்னா அந்தம்மா போன்லயே உன்னைக் கிழிச்சுடுவாங்க."

சாயங்காலம் சும்மா இருக்கும் நேரத்தில் அன்றைய வாக்கியங்களை எல்லோரும் பார்க்கிற பொதுக் கோப்பில் தட்டச்சு செய்வார். துருக்கியைத் தமிழ் எழுத்தில்தான் எழுதினார். தமிழில் 'பல்'லுக்கும் 'பஸ்'ஸுக்கும் ஒரே 'ப'தானே. அதனால் பஸ்ஸில் வருகிற 'ப' வந்தால் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. 'க', 'ட'வுக்கும் அதே மாதிரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வலது ஓரத்தில் தன் பெயர். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் தயாரித்த பழக்கம்.

அந்த பஸ்ஸில் நீங்களும் வந்தீர்கள் சார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், காதில் ஹெட்போன். "என்ன மேடம், வண்டி டியூஷன் ஆரம்பிச்சாச்சா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பீர்கள். வருட அப்ரைசல் படிவத்தில் நீங்கள் அவருக்கு 'அலுவல் ஒழுங்கு' என்ற இடத்தில் குறைத்து மதிப்பெண் போட்டதையும் அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். துருக்கிக்காரர்கள் பேசிப் பார்த்தபோது எங்கள் குழு முழுவதும் தேறியது. பாராட்டு மின்னஞ்சல் உங்களுக்கு வந்தது.

இப்போது என் வாக்கியத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். கஞ்சி, இட்லி, ரொட்டி எதுவும் இறங்கவில்லை. காலையில் நான் அம்மாவிடம் கேட்பேன், அல்லது அம்மா என்னிடம் சொல்வார். அன்று பஸ்ஸில் என் முறை வந்ததும் எனக்கு வேறு வாக்கியமே ஞாபகம் வரவில்லை. "அப்பா இன்னைக்கும் ஒண்ணும் சாப்பிடல" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவன் என் தோளைத் தொட்டான். அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கம்பியை விட்டுவிட்டு என் சீட்டின் முனையில் வந்து உட்கார்ந்தார். "சொல்லு. அப்பா?" என்றார். பாபாம், என் அப்பா. "இன்னைக்கு?" புகூன். "உம்?" தே. "ஒண்ணும்?" பிர் ஷேய். "சாப்பிடல?" யெமெதி. ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வரவைத்தார். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. முழுவதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். பாபாம் புகூன் தே பிர் ஷேய் யெமெதி. வீட்டில் பாதியிலேயே நிறுத்திவிடுகிற வாக்கியத்தை அந்த அன்னிய மொழியில் என்னால் முழுவதுமாகச் சொல்ல முடிந்தது. அது எப்படி என்று எனக்கு இன்றும் விளக்கத் தெரியாது.

பிறகு அக்கா எல்லோரையும் பார்த்து, "இதுக்கு அவங்க ஊர்ல ஒண்ணு சொல்வாங்க. கெச்மிஷ் ஓல்சுன். கடந்து போனதா ஆகட்டும்னு அர்த்தம். இவனுக்குச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். ஹெட்போனைக் கழற்றவில்லை.

அன்று மத்தியானம் ஒரு வயதான துருக்கி அம்மாவின் அழைப்பு எனக்கு வந்தது. மெஷின் பாதியில் நின்றுவிட்டது, உள்ளே கணவரின் படுக்கை விரிப்புகள், அவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று கோபமாகப் பேசினார். எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்றும் இல்லை. நான் கெச்மிஷ் ஓல்சுன் என்றேன். அந்த அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார். பிறகு, நன்றி மகனே என்றார். மகனே என்பதற்கு அவர் சொன்ன ஓலும் என்ற சொல்லை நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. அப்பா பிழைக்கவில்லை.

பிறகு எல்லாப் புகார்களுக்கும் கம்ப்யூட்டரே பதில் சொல்லும் என்று எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். கடைசி நாள் அவசரமாகப் பொருட்களை அள்ளியதில் அக்காவின் டம்ளர் என் பையில் வந்துவிட்டது. போன் செய்து திருப்பித் தருகிறேன் என்றேன். "வச்சுக்கடா. பேரு இருக்குல்ல. எங்க இருந்தாலும் அது என்னுதுதான்" என்றார். நீங்கள் அதற்குள் தாம்பரத்தில் மையம் தொடங்கிவிட்டீர்கள். அக்கா உங்களிடம் வேலை கேட்டு வந்தார். சர்டிஃபிகேட் இல்லாம எப்படி மேடம் கிளாஸ் குடுக்கறது என்று நீங்கள் சொன்னீர்களாம். அதை நான் நேரில் கேட்கவில்லை, அதனால் ஆம் போட்டிருக்கிறேன். அக்கா மறுபடி கணக்கு டியூஷனுக்குப் போய்விட்டார். வீட்டு வாசலில் அவர் பெயர் போட்ட பலகை இருக்கிறது.

போன மாதம் என் சித்தப்பா மகன், துருக்கியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, இதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று உங்கள் வீடியோவைக் காட்டினான். தமிழ் வழியில் துருக்கி, அன்றாட வாக்கியங்களில் இலக்கணம் என்று தலைப்பு. இது நானே உருவாக்கிய முறை என்று நீங்கள் தொடக்கத்திலேயே சொல்கிறீர்கள். முதலில் தண்ணி வந்துச்சா. சரி, தண்ணீர் யாருக்கும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹாரன் வேலை செய்யவில்லை. பிறகு என்னுடையது. பாபாம் புகூன் தே பிர் ஷேய் யெமெதி. எதிர்மறை இறந்த காலத்துக்கு எடுத்துக்காட்டு. பக்கத்தில் ஒரு பொம்மைப் படம், மீசை வைத்த ஆள் தட்டைத் தள்ளிவிட்டு முகம் சுளிக்கிறான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "வீட்டுல சாப்பாடு நல்லா இல்ல போல" என்கிறீர்கள்.

நான் போனை அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து அக்கா வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் பெருங்களத்தூருக்குப் போனேன். உங்கள் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஊர்களை மாற்றியிருக்கிறீர்கள். தாம்பரம் அங்காரா ஆகியிருக்கிறது, பெருங்களத்தூர் எல்லாம் இஸ்தான்புல். தேடி மாற்றும் வசதியில் மாற்றியிருப்பீர்கள், படித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பொங்கல் நெரிசலில் நம் கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் நிற்காது, வண்டலூருக்கு வந்து ஏறிக்கொள்ளுங்கள் என்று டிரைவர் அண்ணன் முன்னாலேயே சொல்லிவிடுவார். அதுவும் ஒரு நாள் அக்காவின் வாக்கியமாக இருந்தது. உங்கள் புத்தகத்தில் அது இப்படி இருக்கிறது: பொங்கல்தா ஓட்டோபூஸ் இஸ்தான்புல்தா துர்மாஸ். பொங்கலுக்கு இஸ்தான்புல்லில் பஸ் நிற்காது.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "இஸ்தான்புல்ல பொங்கலுக்கு அவ்ளோ கூட்டமாடா?" பிறகு வீடியோவைப் போடச் சொன்னார். அவருக்கு முதலில் கோபம் வந்தது உங்கள் உச்சரிப்பின் மேல். கோடு போட்ட எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் விளக்குகிற இடத்தில் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "கோடு எதுக்குன்னே தெரியல இவனுக்கு. ப்பாபாம்ங்கறான். பசங்க அங்க போய் இப்படிப் பேசினா என்ன ஆகும்?" என்றார். அதன்பிறகுதான் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வலது ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே இருந்ததை எடுத்தவர் வரியை மேலே தூக்கி வைக்கக்கூட மெனக்கெடவில்லை. அக்கா அந்த வெற்று இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

மறுநாள் இருவரும் உங்கள் மையத்துக்கு வந்தோம். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்விட்டு வந்து, சார் வெளியே போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாள். உள் அறையில் உங்கள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்தே, எவ்தென், எவே என்று பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை நொந்து என்ன பயன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து குடையை எடுத்துக்கொண்டு என்னிடம், "சார் யோக்முஷ்" என்றார். சார் இல்லையாம். உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். உள்ளே உங்கள் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

படி இறங்கும்போது போலீசுக்குப் போகலாமா, வக்கீலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம் என்றார். காசும் வேண்டாமாம். "அவன் நடத்தட்டும். நாலு பசங்க வேலைக்குப் போகட்டும், நல்லதுதானே. என் பேரைப் போடச் சொல்லு. அவ்ளோதான்." அப்படியானால் நானே அக்காவின் பெயரைப் போட்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன் என்றேன். அக்கா படியில் நின்றுவிட்டார். "நீ எழுதக் கூடாது. நீ எழுதினா தம்பி அக்காவுக்குப் பரிஞ்சு பேசறான்னு ஆயிடும். எடுத்தவன் வாயால வரணும்."

அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. படிக்கிறவர்களுக்கு அது குறையாகத் தெரியலாம். எனக்கும் தெரிகிறது.

சார், நீங்கள் எனக்குப் போன் செய்ய வேண்டாம். பொது நண்பர்களை அனுப்ப வேண்டாம். உங்கள் மையத்தில் வேலை தருவதாக அக்காவுக்குச் செய்தி அனுப்பவும் வேண்டாம். நீங்கள் பாடம் நடத்துகிற அதே வீடியோவில், அதே கேமரா முன்னால் உட்கார்ந்து, பொங்கலுக்கு இஸ்தான்புல்லில் பஸ் ஏன் நிற்காது என்று உங்கள் மாணவர்களுக்கு விளக்குங்கள். ஒண்ணும் சாப்பிடாத அந்த அப்பா யாருடைய அப்பா என்று சொல்லுங்கள். இந்த வாக்கியங்களை எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள்.

இனிஷியல், பெயர், ஊர் மூன்றும் சரியாக வர வேண்டும். மறந்துவிட்டது என்றால் என் வீட்டுக்கு வாருங்கள், டம்ளரைக் காட்டுகிறேன்.